தேங்கிய நீரும் திணறும் வேரும்

2022 நவம்பர் 11 அன்று தொடங்கி 24 மணி நேரத்துக்குள் சீர்காழியில் 44 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. மயிலாடுதுறை மாவட்டத்தின் கடலோரப் பகுதிகளில் அப்போது சம்பா நெல் இளம்பயிராக நின்றது. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாத அளவுக்கு வெள்ளம். இப்படியொரு நாளில் விவசாயி முதலில் பார்ப்பது பயிரின் நுனியாவது வெளியே தெரிகிறதா என்பதைத்தான். பச்சை தெரிந்தால் நம்பிக்கை; தெரியாவிட்டால் கவலை. கணக்கெடுக்க வரும் அதிகாரிகளும் மூழ்கிய பயிரைத்தான் ஏக்கர் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் வராத ஒரு சேதம் தண்ணீருக்கும் கீழே, வேரும் மண்ணும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் நடக்கிறது. தண்ணீர் வடிந்து, பயிர் நிமிர்ந்து நின்ற பிறகும் மகசூல் ஏன் குறைகிறது என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது.

நல்ல விளைநிலத்து மண்ணில் ஏறக்குறைய பாதி இடம்தான் திடப்பொருள். மீதிப் பாதி, மண் துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள். அந்த இடைவெளிகளைத் தண்ணீரும் காற்றும் பங்கிட்டுக்கொள்ளும் வரை வேருக்குக் குறையில்லை. மழை கொட்டி இடைவெளி முழுவதும் தண்ணீரால் நிரம்பிவிட்டால் காற்று வெளியேறிவிடுகிறது. புதிதாகக் காற்று இறங்கவும் வழியில்லை. ஆக்ஸிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீரில் அது பரவும் வேகம் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். தண்ணீரில் கரைந்திருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்ஸிஜனை வேர்களும் மண்ணில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் ஓரிரு நாட்களுக்குள் தீர்த்துவிடுகின்றன. வெயில் நாளில், மட்கு நிறைந்த மண்ணில், சில மணி நேரமே போதும்.

வேருக்கு எதற்கு ஆக்ஸிஜன்? இலையைப் போல வேர் தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரிப்பதில்லை. மேலிருந்து வரும் சர்க்கரையைச் சுவாசத்தின் மூலம் எரித்துத்தான் தன் வேலைகளுக்கான ஆற்றலைப் பெறுகிறது. ஆக்ஸிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட ஏ.டி.பி. என்ற ஆற்றல் அலகுகள் கிடைக்கும். ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் வேர் நொதித்தலுக்கு மாறுகிறது. அப்போது கிடைப்பது வெறும் இரண்டு. உரத்தை உறிஞ்சுவது, புதிய நுனிகளை வளர்ப்பது, உப்பை வெளியே நிறுத்துவது எல்லாமே ஆற்றல் கேட்கும் வேலைகள். ஒவ்வொன்றாக அவை நிற்கத் தொடங்குகின்றன.

இதனால்தான் பார்ப்பவர்களைக் குழப்பும் ஒரு காட்சி வயலில் அரங்கேறுகிறது. கத்தரி, மிளகாய், தக்காளிச் செடிகள் கணுக்கால் ஆழத் தண்ணீரில் நின்றுகொண்டே, தண்ணீர் கிடைக்காத செடிகள்போல வாடித் தொங்குகின்றன. ஆக்ஸிஜன் இல்லாத வேரின் செல்களில் அமிலத்தன்மை கூடுகிறது. கூடியதும், செல் சவ்வில் தண்ணீரை உள்ளே விடும் நுண்ணிய புரத வாயில்கள் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் வேரால் குடிக்க முடிவதில்லை. தக்காளியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. எத்திலீன் என்ற வாயு ஹார்மோனுக்கு மூலப்பொருளான ஒரு வேதிப்பொருள் மூச்சு முட்டும் வேரில் சேர்ந்து, தண்டு வழியாக மேலே ஏறி, காற்றுள்ள இலையில் எத்திலீனாக மாறுகிறது. இலைக்காம்பின் மேற்பக்கம் மட்டும் வேகமாக வளர, இலைகள் கீழ்நோக்கி வளைகின்றன. தண்ணீர்த் தட்டுப்பாடு என்று நினைத்து அந்தச் செடிக்கு இன்னொரு பாசனம் கொடுத்தால் அதோடு செடியின் கதை முடிந்தது.

மக்காச்சோளம் இன்னும் பாவம். ஆறு இலை விடும் பருவம் வரை அதன் வளர்நுனி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அந்த வயதில் இரண்டு முதல் நான்கு நாட்கள் தண்ணீர் தேங்கினாலே பயிர் செத்துவிடலாம்.

வேர் திணறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் மண்ணும் வேறொன்றாக மாறிக்கொண்டிருக்கிறது. ஆக்ஸிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் எல்லாம் செத்துவிடுவதில்லை. ஆக்ஸிஜனின் வேலையைச் செய்ய வேறு பொருள்களைத் தேடுகின்றன. அந்தத் தேடலுக்கு ஒரு திட்டமான வரிசை உண்டு. முதலில் நைட்ரேட். விவசாயி காசு கொடுத்து வாங்கிப் போட்ட தழைச்சத்தின் ஒரு பகுதி நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்ஸைடாகவும் மாறி வயலை விட்டே பறந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். அடுத்து மாங்கனீசு. அதன் பிறகு இரும்பு. துருவாக, கரையாமல் கிடந்த இரும்பு, கரையும் இரும்பாக மாறி மண்நீரில் கலக்கிறது. அதற்கும் பிறகு சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கிறது. வயலில் எழும் அழுகிய முட்டை நாற்றம் இதுதான். கடைசியாக மீத்தேன். நாட்கணக்கில் நீர் நிற்கும் வயலில் நடக்கும்போது காலடியிலிருந்து குமிழ்கள் எழுந்து வருமே, அவற்றில் பெரும்பங்கு அந்த வாயுவே.

இந்த மாற்றத்தைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. சில வாரங்களாக நீர் நிற்கும் நெல் வயலில் கையை விட்டு ஒரு பிடி மண்ணைக் கலையாமல் எடுத்துப் பார்த்தால் போதும். மேலே ஒரு சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பு நிறத்தில் இருக்கும். நீரிலிருந்து கிடைக்கும் கொஞ்சம் ஆக்ஸிஜன் எட்டும் ஆழம் அவ்வளவுதான். அதற்குக் கீழே நீலச்சாம்பல் நிறச் சேறு. அந்தச் சேற்றிலிருந்து ஒரு நெற்பயிரைப் பிடுங்கி அலசினால், புது வேர்களின் நுனி வெள்ளையாகவும், முதிர்ந்த வேர்கள் செம்பழுப்புத் துரு பூசியும் இருக்கும். வேர் கறுத்து, முட்டை நாற்றம் அடித்தால் அங்கே சல்பைடு வென்றுவிட்டது என்று அர்த்தம். அந்த வேர் இனி உதவாது. ஜப்பானில் இரும்புச்சத்து குறைந்த பழைய நெல் வயல்களில், தொடக்கத்தில் செழித்து வளர்ந்த பயிர் பருவத்தின் பிற்பகுதியில் திடீரெனச் சோர்ந்து விழும் ‘அகியோச்சி’ என்ற நோய் பல காலம் விவசாயிகளை வாட்டியது. அதன் முக்கியக் காரணம் இந்தச் சல்பைடுதான். மண்ணில் இரும்பு போதிய அளவு இருந்தால் சல்பைடைப் பிடித்து இரும்பு சல்பைடாக முடக்கிவிடும். அளவோடு இருக்கும் இரும்பு நெல்லுக்குக் காவல். அளவு மீறினால் அதுவே நஞ்சு.

நீர் தேங்கிய மண்ணின் இந்த வேதியியலை முறையாகத் தொகுத்து உலகுக்குச் சொன்னவர்களில் முதன்மையானவர் இலங்கையைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் பொன்னம்பெரும. நெல் இலைகள் செம்புநிறமாகிக் கருகும் நோய்க்கு இரும்பு நஞ்சுதான் காரணம் என்று 1955இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த கட்டுரையின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். பின்னர் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் மண் வேதியியலாளராகப் பணியாற்றினார். மூழ்கிய மண்களைப் பற்றி 1972இல் அவர் எழுதிய நீண்ட ஆய்வுக் கட்டுரை இன்றும் அந்தத் துறையில் நுழைபவர்களின் முதல் பாடம். அமில மண்ணில் நீர் நின்றால் அமிலம் குறைகிறது, கார மண்ணில் நின்றால் காரம் குறைகிறது, சில வாரங்களில் இரண்டுமே நடுநிலையை நெருங்கிவிடுகின்றன என்பது அதில் விளக்கப்பட்ட முக்கியமான உண்மைகளில் ஒன்று. இரும்பு கரையும்போது, அதோடு கட்டுண்டு கிடந்த மணிச்சத்தும் விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. ஆக, தேங்கிய நீர் எல்லா வகையிலும் தீமை என்று சொல்லிவிட முடியாது. அதோடு வாழத் தெரிந்த பயிருக்கு அதில் ஆதாயமும் இருக்கிறது.

அப்படி வாழத் தெரிந்த பயிர் நெல். அதன் வேரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பப்பாளி இலைக்காம்பைப் போல உள்ளே வெற்றிடங்கள் தெரியும். இலை வழியாக உள்ளே வரும் காற்று இந்த வெற்றிடங்கள் வழியே வேர் நுனி வரை இறங்குகிறது. வழியிலேயே ஆக்ஸிஜன் கசிந்து வீணாகிவிடாதபடி, நீர் தேங்கிய மண்ணில் வளரும் நெல் தன் வேரின் வெளிப்பகுதியில் தக்கைப் பொருளால் ஒரு தடுப்பைக் கட்டிக்கொள்கிறது. நுனியில் மட்டும் ஆக்ஸிஜன் வெளியே கசிகிறது. அங்கே கரைந்த இரும்பு மீண்டும் துருவாகி வேரின் மேல் படிகிறது. அலசிய வேரில் கண்ட செம்பழுப்புப் பூச்சு அதுதான். அதைப் பார்த்து வேர் கெட்டுவிட்டது என்று சிலர் பதறுகிறார்கள். உண்மையில், நஞ்சாகக்கூடிய இரும்பை வாசலிலேயே நிறுத்திவைக்கும் ஏற்பாடு அது. மண் பயிருக்குச் செய்வதைப் பற்றித்தான் நாம் எப்போதும் பேசுகிறோம். ஒரு வேர் தன்னைச் சுற்றியுள்ள ஒரு மில்லிமீட்டர் மண்ணை இப்படி வேறாக மாற்றிக்கொள்வது அதற்குக் குறையாத அதிசயம்.

நெல்லுக்கும் தொல்லை உண்டு. நீர் நின்ற மண்ணில் துத்தநாகம் எளிதில் கிடைக்காத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. நட்ட சில வாரங்களில் இலைகளில் துருப்புள்ளிகள் தோன்றி, பயிர் வளராமல் குட்டையாக நிற்கும். வட இந்தியாவில் ‘கைரா’ என்று பெயரிட்டு இதை நோய்க்கிருமியின் வேலை என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், துத்தநாகப் பற்றாக்குறைதான் காரணம் என்று 1960களில் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒய்.எல். நேனே கண்டறிந்தார். இன்று தமிழ்நாட்டில் நடவு வயலுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொல்வதன் பின்னணி இதுவே.

நெல்லை விட்டு உளுந்துக்கு வந்தால் காட்சி அப்படியே தலைகீழாகிறது. காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்கள் முன்னதாக, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்கு இடையிலேயே உளுந்தையும் பச்சைப்பயறையும் தூவிவிடுவார்கள். உழவும் இல்லை, தனிப் பாசனமும் இல்லை. மிச்ச ஈரத்திலும் பனியிலும் பயிர் விளைந்துவிடும். நெல்லில் கையைக் கடித்த ஆண்டிலும் பல குடும்பங்களைத் தூக்கிவிடுவது இந்தப் பயறுக் காசுதான். 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, வழக்கத்துக்கு மாறாக டெல்டாவில் பெருமழை பெய்தது. அறுவடைக்குத் தயாராக இருந்த சம்பா சாய்ந்து, தண்ணீரில் கிடந்த கதிர்களிலேயே நெல் முளைத்தது. தூவியிருந்த உளுந்தும் பல வயல்களில் அழுகிப்போனது.

உளுந்து இவ்வளவு எளிதில் தோற்க இரண்டு காரணங்கள். வேருக்குள் காற்று இறங்க நெல்லைப் போன்ற வசதி அதற்கு இல்லை என்பது ஒன்று. மற்றது அதன் வேர்முடிச்சுகள். அங்கே குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் சத்தாக மாற்றித் தருவதற்கு ஏராளமான ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். நீர் நின்ற ஓரிரு நாட்களிலேயே முடிச்சுகளின் வேலை படுத்துவிடுகிறது. நல்ல முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நீர் தேங்கிய வயலில் பிடுங்கிய செடியின் முடிச்சோ பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கும். மண்ணில் இருந்த நைட்ரேட்டும் வாயுவாகப் போய்விட்ட நிலையில், செடிக்கு இரண்டு வாசலும் அடைபட்டுவிடுகிறது. அடியிலைகளில் தொடங்கும் மஞ்சள் இந்தப் பட்டினியின் அடையாளம்.

சேற்றுழவு செய்த வயலில் இது இன்னும் கடுமை. தண்ணீர் கீழே இறங்காமல் நிற்பதற்காகவே நெல்லுக்கு மண்ணைக் கலக்கிச் சேறாக்குகிறோம். ஆண்டுக்கணக்கில் அப்படிச் செய்ததில், உழவு ஆழத்துக்குக் கீழே கெட்டியான அடுக்கு ஒன்று உருவாகியிருக்கிறது. நெல்லுக்கு அது வரம். அடுத்து வரும் உளுந்துக்கும் பருத்திக்கும் எள்ளுக்கும், பெய்த மழை இறங்க வழியில்லாத சிக்கல்.

தேங்கிய நீர் நோய்க்கும் வழி திறந்துவிடுகிறது. மஞ்சள், இஞ்சிப் பயிர்களில் கிழங்கு அழுகலை உண்டாக்கும் பித்தியம், மிளகுக்கொடியை வாட்டும் பைட்டாப்தோரா ஆகியவை வால் முளைத்த வித்துகளை நீரில் விடுகின்றன. அவை மண்ணின் நீர் நிறைந்த இடைவெளிகளில் நீந்தி, திணறும் வேரிலிருந்து கசியும் சர்க்கரையை மோப்பம் பிடித்து வந்துசேர்கின்றன. வடிகால் இல்லாத மஞ்சள் வயலில் மருந்து ஊற்றி மட்டும் அழுகலை நிறுத்த முடியாததற்கு இதுவே காரணம். பார் பிடித்தும் மேட்டுப்பாத்தி அமைத்தும் மஞ்சள் நட வேண்டும் என்று அனுபவசாலிகள் பிடிவாதமாகச் சொல்வது சரியான வேளாண் அறிவியல்.

வேரோடு நில்லாமல் பயிர் முழுவதுமே மூழ்கினால்? பெரும்பாலான நெல் ரகங்கள் அப்போது அவசர அவசரமாக உயர்ந்து நீருக்கு மேலே தலைநீட்டப் பார்க்கும். கையிருப்புச் சர்க்கரை அதிலேயே தீர்ந்துவிடும். வெள்ளம் வடிந்ததும் மெலிந்த பயிர் சாய்ந்து மடியும். ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம் இதற்கு நேர் எதிரானது. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, கையிருப்பைச் சேமித்து, தண்ணீர் வடியும் வரை காத்திருக்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான சப்1ஏ மரபணு 2006இல் அடையாளம் காணப்பட்டது. அதைச் சேர்த்து உருவான ஸ்வர்ணா சப்1 இந்தியாவில் 2009இல் வெளியிடப்பட்டது. இரண்டு வாரம் வரை முழுவதுமாக மூழ்கியும் அது மீண்டுவருகிறது. டெல்டாவுக்கு நன்கு பழக்கமான சி.ஆர்.1009 ரகத்திலும் இதே மரபணுவைச் சேர்த்து சி.ஆர்.1009 சப்1 வந்திருக்கிறது. மாதக்கணக்கில் இடுப்பளவு நீர் நிற்கும் தாழ்வான வயலுக்கும், கதிர் முற்றிய பிறகு வரும் மழைக்கும் இந்த மரபணு பதில் ஆகாது. விதை விற்கும்போது இந்த வரம்பையும் சேர்த்துச் சொல்வதுதான் விவசாயிக்குச் செய்யும் நியாயம்.

தண்ணீர் வடிந்த அன்றே யூரியா மூட்டையைப் பிரித்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மஞ்சளித்த பயிரைப் பார்க்கும் யாருக்கும் மனம் கேட்காது. ஆனாலும், வேரில் புது வெள்ளை நுனிகள் தோன்றாமல் பயிரால் உரத்தை எடுக்க முடியாது. மண் காய்ந்தும் நனைந்தும் மாறிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் போடும் தழைச்சத்து நைட்ரேட்டாகி, அடுத்த மழையில் வாயுவாகிவிடும். முதல் வேலை வயலில் நிற்கும் நீரை முழுவதும் வடிப்பது. வேர் தேறும் வரை இலை வழியாக ஊட்டுவது பலன் தரும்: நெல்லுக்கு யூரியாவும் ஜிங்க் சல்பேட்டும் கலந்த தெளிப்பு, உளுந்துக்கு 2 சதவீத டி.ஏ.பி. கரைசல். அதன் பிறகு, யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷ் சேர்த்துப் போடச் சொல்கிறது வேளாண் துறை. வேப்பம்புண்ணாக்கு, தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும் வேகத்தைக் குறைத்துவைக்கிறது.

வெள்ளத்தின் பாதிப்பு அந்தப் பருவத்தோடு முடியாமலும் போகலாம். 1993இல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில் பெருவெள்ளம் வந்து பல வயல்கள் விதைப்பின்றிக் கிடந்தன. அடுத்த ஆண்டு அங்கே விதைத்த மக்காச்சோளம், மண்ணில் மணிச்சத்து இருந்தும் அது கிடைக்காத பயிர்போல ஊதா நிறமேறி நின்றது. வேரோடு கூட்டு வாழ்ந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் மைக்கோரைசா பூஞ்சை, நீரில் மூழ்கிச் செடியும் இல்லாமல் கிடந்த மண்ணில் அருகிப்போயிருந்தது.

நீர் நிற்பதைப் பழகிக்கொண்ட நெல்லுக்குக்கூட அது எப்போதும் நிற்க வேண்டியதில்லை. வேருக்குக் காற்றை இறக்கும் அதே உள்வெற்றிடங்கள் வழியாகத்தான் மண்ணில் உருவாகும் மீத்தேனின் பெரும்பகுதி மேலே ஏறி வளிமண்டலத்தில் கலக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கொடுத்தால், அதாவது துளையிட்ட குழாயை வயலில் புதைத்து நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சினால், மீத்தேன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைகிறது. பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. தண்ணீரும் மிச்சம், வேரும் ஆழமாக இறங்குகிறது.

இதெல்லாம் தண்ணீரை உள்ளே விடவும் வெளியே விடவும் கைவசம் வழி உள்ள வயலுக்குத்தான் பொருந்தும். டெல்டாவின் கடைமடையில் அந்த வழி அருகிக்கொண்டே போகிறது. நிலத்தின் சரிவு மிகக் குறைவு. கடலை நெருங்க நெருங்கத் தண்ணீர் வடிவது அலையின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. இருக்கும் வடிகால்களிலும் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக்கிடக்கின்றன. மேட்டூர் திறக்கும் ஜூன் 12ஆம் தேதியை மாநிலமே எதிர்பார்த்திருக்கிறது. பாசன வாய்க்கால் தூர்வாரல் செய்தியாகிறது. வடிகால் தூர்வாரலுக்கு அந்தக் கவனத்தில் பாதியாவது கிடைக்க வேண்டும். நீர்நிலைகளைச் சீரமைக்க 2017இல் அரசு மீண்டும் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் ஏரிகளும் பாசன வாய்க்கால்களும் இடம்பெற்றன; வடிகால்களுக்கும் அதே முனைப்பு வேண்டும். ஒரு விவசாயி தன் வயலில் எத்தனை அடி ஆழத்துக்கு வடிகால் வெட்டினாலும், அது போய்ச்சேரும் பொது வாய்க்கால் அடைபட்டிருந்தால் தண்ணீர் பக்கத்து வயலில்தான் ஏறும். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசிக்குள், ஊர் முழுவதும் சேர்ந்து செய்து முடிக்க வேண்டிய வேலை அது. அதற்கான பணமும் இயந்திரமும் மழை தொடங்குவதற்கு முன்பே ஊராட்சியின் கையில் இருக்க வேண்டும்.